சட்டியில் ஹைட்ரேஞ்சியா வளர்த்தல்
மலைநாட்டு இஸ்தோப்புக்கும் மாடித்தளத்துக்கும் உகந்த பூச்செடி

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரருக்குப் பூச்செடி எதற்கு என்ற வினா எழுவது இயல்பே. பூ வயிற்றை நிரப்பாது. சந்தையில் கோவாவும் கரட்டும் பெறும் விலையையும் பெறாது. எனினும் நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்குச் சொந்தக் காணி இன்னும் கைக்கு எட்டவில்லை. லயத்தின் முன்னுள்ள இஸ்தோப்பும், அதன் எதிரேயுள்ள ஓரிரு முழ நிலமுமே அவர்களுக்கு உரியவை. அத்தகைய வீட்டில் ஒரு சட்டி மண்ணும் ஒரு தோட்டமே. அதில் ஒரு செடியைச் செவ்வனே வளர்த்தவர், மண்ணையும் நீரையும் பற்றிய பாடங்கள் பலவற்றைக் கற்றவராவார்.

இப்பிரசுரத்தில் எடுத்துக்கொண்ட செடி ஹைட்ரேஞ்சியா. மலைநாட்டின் வீதியோரங்களிலும் வீட்டு முற்றங்களிலும் பந்து போன்ற பெரிய நீலக் கொத்துகளாகப் பூத்து நிற்பது இதுவே. அழகுக்காக மட்டும் இதனைத் தேர்ந்தெடுக்கவில்லை. தான் நிற்கும் மண்ணின் தன்மையைத் தன் பூவின் நிறத்தால் காட்டும் செடி இது. மரக்கறிப் பாத்தி வைத்திருப்போர் அறியவேண்டிய செய்தி அந்த நிறத்தில் அடங்கியுள்ளது.

செடியின் வரலாறும் இயல்பும்

ஹைட்ரேஞ்சியாவின் தாயகம் ஜப்பான். அங்கே ஜூன் மாத மழைக்காலத்தின் பூவாக இது போற்றப்படுகிறது. காமகுரா நகரிலுள்ள மெய்கெட்சு-இன் என்னும் பௌத்த ஆலயம் தன் நீல ஹைட்ரேஞ்சியாக்களால் புகழ்பெற்றது. 1823 முதல் 1829 வரை ஜப்பானில் ஒல்லாந்தரின் வணிக நிலையத்தில் மருத்துவராகப் பணிபுரிந்த சீபோல்ட் என்னும் ஜெர்மானியர், அங்கே தம்மோடு வாழ்ந்த தாக்கி என்னும் பெண்மணியின் பெயரை இச்செடியின் ஒரு வகைக்குச் சூட்டினார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இச்செடி இங்கிலாந்தை அடைந்துவிட்டது.

ஹைட்ரேஞ்சியா என்னும் பெயர் கிரேக்க மொழியில் நீர்க்கலம் என்னும் பொருளுடையது. விதை முற்றும் சிறு காய், நீர்க்குடம் போன்று தோன்றுவதால் வந்த பெயர் அது. பெயரில் நீர் இருப்பினும், வேரில் நீர் தேங்குவதை இச்செடி பொறுக்காது. இதனை வளர்ப்போர் முதலில் மனத்தில் இருத்தவேண்டியது இதுவே.

நாம் பூவிதழ் என்று எண்ணும் வண்ணத் தகடுகள் உண்மையில் அல்லிகள் அல்ல, அவை புல்லிகள். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் பூக்கும் ஹெலபோர் என்னும் செடியிலும் இவ்வாறே. புல்லிகள் அல்லிகளைப்போல் விரைவில் உதிர்வதில்லை. ஆகையால் ஒரு கொத்து பல வாரங்கள் செடியிலேயே நிலைத்து நிற்கும்.

மலைநாடு ஏன் உகந்தது?

இச்செடியின் மொட்டு நன்கு உருவாவதற்குக் குளிர் வேண்டும். வெப்பநிலை 18 பாகை செல்சியசுக்குக் கீழே பல வாரங்கள் தொடர்ந்து நிற்றல் அதற்குத் துணைபுரிகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 6,100 அடி உயரத்திலுள்ள நுவரெலியாவில் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகையாகும். 4,000 அடிக்கு மேலுள்ள ஹற்றனிலும் இரவுகள் குளிர்ந்தவை. தாழ்நாட்டுக்குக் கொண்டுசெல்லப்படும் செடி இலை விட்டுத் தழைத்தாலும் பூக்கத் தயங்குவது இதனாலேயே.

குளிர்நாட்டுத் தாவரங்கள் நமது மலைகளில் செழிக்கும் என்பது புதிய செய்தியன்று. நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள ஹக்கல தாவரவியற் பூங்கா, 1861இல் சின்கோனா மரத்தைப் பயிரிட்டுப் பார்ப்பதற்கென்று தொடங்கப்பட்டது. பின்னர் அது குளிர்நாட்டுச் செடிகளுக்குரிய பெரும் பூங்காவாக வளர்ந்தது.

சட்டியைத் தெரிதல்

முதற்செடிக்கு 8 அங்குல வாயுடைய சட்டி போதும். வளர்ந்த செடிக்கு வாயும் ஆழமும் 12 அங்குலமாயுள்ள சட்டி வேண்டும். மண்சட்டி, பிளாத்திக்குச் சட்டி, பழைய வாளி ஆகிய எதுவும் ஏற்றதே. பூச்சிகொல்லி, களைகொல்லி வந்த கலன்களை மட்டும் எக்காரணத்தாலும் பயன்படுத்தலாகாது.

அடியில் விரல் நுழையும் அளவான துளைகள் மூன்று அல்லது நான்கு இருத்தல் அவசியம். துளையின்மேல் ஓர் ஓட்டுத்துண்டைக் கவிழ்த்து வைத்தால் மண் வெளியேறாது. சட்டியின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கல்லை நிரப்பினால் நீர் நன்கு வடியும் என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழையான எண்ணம். மண்ணுக்கும் கல்லுக்கும் இடையில் நீர் தங்கி நிற்கும். வேருக்குரிய மண்ணின் அளவும் குறையும். சட்டியை இரு செங்கற்களின் மேல் உயர்த்தி வைத்தலே நீர் வடிய உதவும் வழி.

சட்டியின் கீழே தட்டு வைப்போர் அதில் நீர் தேங்கவிடக் கூடாது. வேர் அழுகுவது ஒருபுறமிருக்க, தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். வாரம் ஒருமுறையேனும் தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவவேண்டும். முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும்.

மாடித்தளத்தில் வைப்போர் பாரத்தையும் கணக்கிட வேண்டும். 12 அங்குலச் சட்டி நனைந்த மண்ணுடன் ஏறத்தாழ 20 கிலோ எடையுடையது. பத்துச் சட்டிகள் 200 கிலோவாகும். அவற்றைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவர் தாங்கும் ஓரமாக வரிசைப்படுத்துக. கைப்பிடிச் சுவரின்மேல் சட்டியை வைத்தல் ஆகாது. தென்மேற்குப் பருவக்காற்று அதனைத் தள்ளினால் கீழே நடப்பவர் உயிருக்கே ஊறு நேரும்.

மண் எங்கிருந்து வரவேண்டும்?

பின்வரும் கலவை நன்கு பயன்தரும்.

மேல்மண் – 2 பங்கு
நன்கு உக்கிய கூட்டெரு – 1 பங்கு
தும்புத்தூள் – 1 பங்கு
பருமணல் – 1 பங்கு

கலவையைக் கையில் பிடித்து இறுக்கிப் பின் விரலால் தட்டினால் அது உதிரவேண்டும். களிபோல் ஒட்டிக்கொண்டால் மணலைக் கூட்டுக.

மேல்மண்ணை எங்கே எடுப்பது என்பதில் இரு எச்சரிக்கைகள் உள. முதலாவது, லயத்தின் பின்புறத்து மண்மேட்டையோ தேயிலை மலைச் சரிவையோ வெட்டி மண் எடுக்கலாகாது. அடி வெட்டப்பட்ட மேடு பெருமழையில் சரியும். அது இடிந்து விழுவது அவ்வீட்டின் மீதேயாகும். கானில் மழைநீர் கொண்டுவந்து படியவிட்ட வண்டலை அள்ளி எடுத்தால், கானும் சுத்தமாகும். சட்டிக்கும் மண் கிடைக்கும்.

இரண்டாவது, கோவா, பூக்கோவா, முள்ளங்கி, நோக்கோல் பயிரிட்ட பாத்தியின் மண்ணையோ, அத்தகைய பாத்திகளிலிருந்து ஓடிவரும் கானின் வண்டலையோ சட்டிக்கு எடுக்கலாகாது. மலைநாட்டு மரக்கறி நிலங்கள் பலவற்றில் வேர் வீங்கும் நோய் உண்டு. கிளப் ரூட் என்று வழங்கும் இந்நோயின் வித்துகள் மண்ணில் பத்தாண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். ஹைட்ரேஞ்சியாவை அது தாக்காது. ஆனால் சட்டியிலிருந்து வடியும் நீரோடும், பின்னர் கொட்டும் பழைய மண்ணோடும் அந்த வித்துகள் அயலவரின் புதிய பாத்தியைச் சென்றடையும். ஒரு பூச்செடிக்காக ஒரு கோவாப் பாத்தியைக் கெடுப்பது தகாது.

இடமும் வெயிலும்

காலை வெயிலும் மாலை நிழலும் கிடைக்கும் இடமே சிறந்தது. கிழக்கு நோக்கிய இஸ்தோப்பு இதற்கு மிக உகந்தது. நாள் முழுதும் வெயில் விழும் சீமெந்துத் தளத்தில் இலையோரம் கருகும். முழு நிழலில் இலை செழிக்கும், பூ குறையும்.

கூரைத் தகரத்தின் விளிம்புக்கு நேர்கீழே சட்டியை வைத்தலாகாது. மே முதல் செப்தெம்பர் வரை ஹற்றன், மஸ்கெலியா பக்கங்களில் பெய்யும் மழை, கூரை நீராகச் சட்டியில் கொட்டினால் மண்ணிலுள்ள சத்து முழுவதும் கரைந்து போகும். இரண்டடி உள்ளே தள்ளி வைத்தாலே போதும்.

சனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாவின் தாழ்ந்த வெளிகளில் சில விடியற்காலைகளில் உறைபனி விழுவதுண்டு. அந்நாட்களில் சட்டிகளை மாலையிலேயே கூரைக்குள் எடுத்து வைக்கவேண்டும். பனியில் கருகிய நுனியை உடனே வெட்டாமல், புதிய துளிர் எங்கே தோன்றுகிறது என்று பார்த்தபின் அதற்கு மேலே வெட்டுக.

நீர் பாய்ச்சுதல்

வயலில் நெல்லுக்கு வரம்பு கட்டி நீரைத் தேக்குகிறோம். நெற்பயிரின் தண்டினுள்ளே காற்று வேருக்கு இறங்கும் வழி இருப்பதால் அது நீரில் நிற்க வல்லது. ஹைட்ரேஞ்சியாவுக்கு அவ்வழி இல்லை. அதன் வேர் மண்ணின் இடைவெளியிலுள்ள காற்றையே நம்பி வாழ்கிறது. இடைவெளி முழுவதும் நீரால் நிரம்பினால் வேர் மூச்சடைத்து அழுகும்.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். மண் காய்ந்தாலும் இலை வாடும். மண்ணில் நீர் மிகுந்து வேர் அழுகினாலும் இலை வாடும். வெளித்தோற்றம் இரண்டிலும் ஒன்றே. வாடிய செடியைக் கண்டதும் நீர் ஊற்றினால், முதலாவதிற் செடி பிழைக்கும், இரண்டாவதில் இறக்கும். ஆகவே இலையைப் பார்த்து நீர் ஊற்றாது, விரலை ஓர் அங்குலம் மண்ணுள் செலுத்திப் பார்த்து ஊற்றுக. ஈரம் தட்டுப்பட்டால் பொறுத்திருக்க. உச்சிவெயிலில் வாடிய இலை, மாலையில் தானே நிமிர்வதும் உண்டு.

மழை குறைந்த சனவரி முதல் மார்ச் வரையான மாதங்களில், வெயில் படும் சட்டிக்கு நாள்தோறும் நீர் தேவைப்படலாம். ஊற்றும்போது அடித்துளையால் நீர் வெளிவரும்வரை ஊற்றவேண்டும். சிறிது சிறிதாகத் தெளித்தால் மேல்மண் மட்டுமே நனையும். மரக்கறி கழுவிய நீரையும் அரிசி கழுவிய நீரையும் பயன்படுத்தலாம். சவர்க்கார நீர் ஆகாது.

பூவின் நிறமும் மண்ணின் குணமும்

ஒரே செடியின் இரு துண்டுகளை இரு சட்டிகளில் நட்டால், ஒன்று நீலமாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் பூக்கக்கூடும். காரணம் மண்ணில் உள்ளது. புளிப்பு மிகுந்த மண்ணில், அதாவது பீ.எச். பெறுமானம் 5.5க்குக் குறைந்த மண்ணில், அலுமினியம் நீரிற் கரைந்து வேரினூடாகப் பூவை அடைகிறது. அங்குள்ள நிறப்பொருளோடு அது சேர்ந்ததும் பூ நீலமாகிறது. சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்ணில் அலுமினியம் கரையாமல் கட்டுண்டு கிடப்பதால் பூ இளஞ்சிவப்பாகிறது. வெள்ளைப்பூ வகைகள் இவ்வாறு மாறுவதில்லை.

தேயிலைக்கு உகந்த மண்ணின் பீ.எச். பெறுமானம் 4.5 முதல் 5.5 வரை. தோட்டங்களில் ஹைட்ரேஞ்சியா பெரும்பாலும் நீலமாகப் பூப்பதன் காரணம் இதனால் விளங்கும். நீலம் வேண்டுவோர் தோட்டத்து மண்ணிலேயே நட்டால் போதும். நிறம் மங்கினால், நான்கு லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி அலுமினியம் சல்பேற்றைக் கரைத்து, முன்னரே நனைந்திருக்கும் மண்ணில் மாதம் ஒருமுறை ஊற்றலாம். அளவு மிஞ்சினால் வேர் கருகும். இளஞ்சிவப்பு வேண்டுவோர் ஒரு சட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி டொலமைற்றுத் தூளை மண்ணுடன் கலக்கலாம். இரண்டையும் மொட்டு உருவாகுமுன் செய்யவேண்டும். மலர்ந்த பூவின் நிறத்தை மாற்ற இயலாது.

அடுப்புச் சாம்பலும் உமிக்கரியும் காரத்தன்மை உடையவை. புதிய சீமெந்துச் சட்டியிலிருந்து சுண்ணாம்பு கசியும். நீலச் செடி காரணமின்றிச் சிவந்தால் இவற்றை ஆராய்க.

மரக்கறிக் கமக்காரர் கவனிக்கவேண்டிய செய்தி இனி வருவது. நீலப் பூவைத் தரும் அதே புளிப்பு மண்ணில்தான் கோவாவின் வேர் வீங்கும் நோய் செழிக்கிறது. மண்ணின் பீ.எச். பெறுமானத்தை 7க்குச் சற்று மேலாக உயர்த்தினால் அந்நோய் பெரிதும் தணியும். வீட்டுமுற்றத்து மண்ணில் எரு, சாம்பல் எதுவும் சேராது நிற்கும் ஹைட்ரேஞ்சியா கடும் நீலமாகப் பூக்குமாயின், அதே மண்ணையுடைய பாத்தியும் புளித்திருக்கக் கூடும் என்று ஐயுறுதல் நன்று.

ஆயினும் பூவை மட்டும் நம்பிச் சுண்ணாம்பு வாரி இடுதல் தவறு. பொசுபேற்று உரம் மிகுந்த மண்ணில், புளிப்பு இருந்தாலும் பூ சிவக்கலாம். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் அடுத்து உருளைக்கிழங்கு நட்டால், கிழங்கின் தோலில் சொறிநோய் தோன்றும். ஆகவே பூ எழுப்பிய ஐயத்தை மண் பரிசோதனையால் தீர்த்துக்கொள்க. கமநல சேவை நிலையத்தில் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகினால், மண் மாதிரி எடுக்கும் முறையையும் இடவேண்டிய சுண்ணாம்பின் அளவையும் அறியலாம்.

உரமிடுதல்

இரு மாதங்களுக்கு ஒருமுறை இரு கைப்பிடி கூட்டெருவைச் சட்டியின் மேல்மண்ணில் பரப்புதல் போதுமானது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோது, வீட்டிலேயே கூட்டெரு செய்யத் தெரிந்தவர் சிறு பயிர்களையேனும் காத்துக்கொள்ள முடிந்தது. கலப்பு உரம் கிடைப்பின், ஒரு லீற்றர் நீரில் அரைத் தேக்கரண்டி கரைத்து, செடி வளரும் பருவத்தில் இரு வாரங்களுக்கு ஒருமுறை ஊற்றலாம். நைதரசன் மிகுந்தால் இலை மட்டுமே பெருகும். தேயிலைச் சக்கையைப் பச்சையாகச் சட்டியில் குவித்தால் பூஞ்சணம் பிடிக்கும். அதனைக் கூட்டெருக் குழியில் இட்டு உக்கவைத்தே பயன்படுத்துக.

கவ்வாத்துச் செய்தல்

தேயிலையைக் கவ்வாத்துச் செய்து பழகிய கை, ஹைட்ரேஞ்சியாவிடம் சற்றுத் தயங்கவேண்டும். தேயிலையை ஆழ வெட்டினால் புதிய கொழுந்து வரும். நமக்கு வேண்டியதும் கொழுந்தே. ஹைட்ரேஞ்சியாவோ பெரும்பாலும் முன்னர் வளர்ந்த தண்டின் நுனியிலுள்ள மொட்டிலிருந்து பூக்கிறது. எல்லாத் தண்டுகளையும் அடியோடு வெட்டினால், அடுத்த பருவத்தின் பூவையும் சேர்த்தே வெட்டியதாகும்.

பூ முடிந்தவுடன், காய்ந்த கொத்துக்குக் கீழேயுள்ள முதலாவது தடித்த இரட்டை அரும்புக்கு மேலே வெட்டுக. மூன்றாண்டு கடந்த முதிய தண்டுகளில் ஓரிரண்டை மட்டும் அடியோடு நீக்குக. பூவாத இளந்தண்டுகளை விட்டுவிடுக. இரண்டாண்டுக்கு ஒருமுறை சட்டியின் மண்ணை மாற்றுதலும் வேண்டும்.

புதிய செடி உண்டாக்கல்

தேயிலைத் தவறணையில் வேலை செய்த பெண்களுக்கு இம்முறை புதிதன்று. பூவாத இளந்தண்டில் 5 அங்குலத் துண்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் வெட்டுக. கீழ் இலைகளை நீக்கி, மேலுள்ள இரு இலைகளைப் பாதியாக நறுக்குக. மணலும் தும்புத்தூளும் சம அளவு கலந்த கலவையில் ஒரு கணு மறையும்படி நட்டு, நிழலில் வைத்துப் பொலித்தீன் உறையால் மூடுக. சுமார் நான்கு வாரங்களில் வேர் விடும்; குளிர் மிகுந்த இடத்தில் இன்னும் சில வாரங்கள் செல்லும். மெல்ல இழுத்தால் வராது நிற்குமாயின் வேர் பிடித்தது எனக் கொள்க.

ஒரு தாய்ச்செடியிலிருந்து இவ்வாறு பல கன்றுகள் கிடைக்கும். ஏப்ரல் மாத வசந்த காலத்தில் நுவரெலியாவுக்கு வருவோர் பலர். அவ்வேளை பூவோடு நிற்கும் சிறு சட்டிகளை விற்பனைக்கு ஆயத்தமாக வைத்திருந்தால், குடும்பத்துக்குச் சிறு வருவாய்க்கும் இடமுண்டு.

நோயும் பூச்சியும்

மழைக்காலத்தில் இலையிலும் பூவிலும் சாம்பல்நிறப் பூஞ்சணம் படரலாம். நோயுற்ற பகுதியைக் கிள்ளி அகற்றி, சட்டிகளைத் தள்ளித் தள்ளி வைத்துக் காற்றோட்டம் தருக. இலைமேல் நீர் ஊற்றாதிருத்தலே சிறந்த தடுப்பு. வறண்ட மாதங்களில் இலையின் கீழே சிற்றுண்ணிகள் தோன்றினால், நீரை வேகமாகப் பீச்சிக் கழுவுக. நத்தைகளை அந்தியில் விளக்கொளியில் கையால் பொறுக்கலாம். இஸ்தோப்பு பிள்ளைகள் விளையாடும் இடம். அங்கே பூச்சிகொல்லி தெளிக்கலாகாது.

நஞ்சு பற்றிய எச்சரிக்கை

ஹைட்ரேஞ்சியாவின் இலை, மொட்டு, பூ யாவும் உண்ணத் தகாதவை. 2008இல் ஜப்பானில், உணவுத் தட்டில் அலங்காரமாக வைக்கப்பட்ட இதன் இலையை உண்டோர் வாந்தியாலும் தலைச்சுற்றலாலும் துன்புற்றனர். கோவிற் படையல் இலையாகவோ, விருந்துத் தட்டின் அலங்காரமாகவோ இதனைப் பயன்படுத்தாதீர். கவ்வாத்துச் செய்த கழிவை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடாமல் கூட்டெருக் குழியில் இடுக. தவழும் குழந்தை உள்ள வீட்டில் சட்டியைக் கைக்கு எட்டாத உயரத்தில் உறுதியாக வைக்கவேண்டும். எவரேனும் உண்டுவிட்டால் கைமருத்துவம் செய்து காலம் கடத்தாது, இலையொன்றையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குச் செல்க.

இஸ்தோப்பில் ஒரு சட்டி வைக்க விரும்புவோர் அயலவரிடம் ஒரு தண்டு கேட்டால் போதும். விலைகொடுத்து வாங்கத் தேவையில்லை. பூவாத தண்டாகவும், நோயில்லாச் செடியினதாகவும் கேட்டு வாங்குக. நடுமுன் சட்டியின் அடித்துளையினூடே ஒரு சிரட்டை நீரை விட்டுப் பார்த்து, அது தடையின்றி வடிகின்றதா என்று உறுதிசெய்துகொள்க.